தூக்கா, ஆயுளா, நஷ்டஈடா: பறிகொடுத்த வீட்டுக்காரர் எதைக் கேட்பது?

2025 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள நெய்யாற்றின்கரை செஷன்ஸ் கோர்ட், கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்துக் காதலனைக் கொன்ற பெண்ணுக்குத் தூக்கு விதித்தது. அங்கே கொல்கத்தாவில் சியால்தா கோர்ட், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி டாக்டரை வன்கொடுமை செய்து கொன்றவனுக்குச் சாகும்வரை ஆயுள் என்றது. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை ஜங்ஷனில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். விஷம் கொடுத்தது தூக்கு விதிக்கும் அளவுக்கு 'அரிதிலும் அரிது' என்றால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு டாக்டரைக் கொன்றது எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு கட்சி, பதினோரு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் துடித்த பையனை நினைத்தால் தூக்கும் குறைவுதான் என்று இன்னொரு கட்சி. கஷாயம் கொடுத்த வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள், பையன் வீடு பாறசாலை, உயிர் போனது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில். இதில் எந்த மாநில போலீசுக்கு உரிமை என்று அந்தக் கேசில் தனியாக ஒரு சண்டையே நடந்தது. செயல் நடந்த இடம், அதன் விளைவு நேர்ந்த இடம் இரண்டில் எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம் என்று சட்டத்தில் இருப்பது எல்லையோரத்துக்காரர்களுக்கு நல்லதாகப் போயிற்று.

கொலைக்குக் கொடுக்கும் தண்டனை எப்போதாவது போதுமான நீதியாகுமா என்றால், ஆகாது. அதைச் சொல்ல இவ்வளவு நீளம் எழுத வேண்டியதில்லை. ஆனால் பறிகொடுத்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் நிஜமாகவே நாலைந்து வழி இருக்கிறது. எதைக் கேட்பது, எதற்கு அலைவது, எதற்கு வக்கீலுக்குக் காசு கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும், அதுவும் யாருக்கும் தலை நிதானத்தில் இல்லாத நேரத்தில். என் பெரியம்மா மகன் குழித்துறைப் பக்கம் ஒரு ரப்பர் விளையின் (தோட்டத்தின்) அதிர்த் தகராறில், அதாவது எல்லைத் தகராறில், வெட்டுப்பட்டுச் செத்த பிறகு இந்தப் பாடத்தை எங்கள் வீட்டில் எல்லாரும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டோம். அதனால்தான் வழிகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தூக்கு. அந்த வார்த்தையிலேயே ஒரு திருப்தி இருக்கிறது, மறுக்க மாட்டேன். அண்ணன் உடலை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த அன்று யாராவது என் கையில் கயிற்றைக் கொடுத்திருந்தால் நானே இழுத்திருப்பேன். கொடூரமான தண்டனைக்கு எங்கள் ஊர் ஒன்றும் புதிதில்லை. பத்மநாபபுரம் அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் மனித உருவில் செய்த அந்த இரும்புக் கூண்டைப் பார்த்திருப்பார்கள், குற்றவாளியை அதற்குள் அடைத்துத் தொங்கவிடுவார்கள், மிச்சத்தைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். ஸ்கூல் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள்! அந்த அரண்மனைக்குச் சொந்தமான அதே திருவிதாங்கூர் சமஸ்தானம்தான் 1944-ல் மரண தண்டனையை எடுத்தும் போட்டது. விளவங்கோடும் கல்குளமும் அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்தவை, 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தோம். ஆக எங்கள் தாத்தாமார் சில வருஷம் தூக்குமரம் இல்லாத ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள். அப்போது கொலை பெருகிவிட்டதா? தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை திருவிதாங்கூரில் 962 கொலை, தூக்கு திரும்பி வந்த அடுத்த ஐந்து வருஷத்தில் 967. மரண தண்டனை பற்றி நடந்த வாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்பட்ட கணக்கு இது. வெட்டுகத்தியைத் தூக்கியவன் அந்த நொடியில் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை என்பது இதற்கு முன்பே நமக்குத் தெரிந்ததுதான்.

பயம் காட்டும் விஷயத்தை விடுங்கள், வீட்டுக்காரர்கள் கேட்பது அதற்காக இல்லை. கணக்குத் தீர வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். இங்கேதான் தூக்கு அவர்களைக் கைவிடுகிறது. செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று சொன்னால் அது பாதி வழிகூட இல்லை. உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும், அப்புறம் உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, அதற்கும் மேலே மறுசீராய்வு மனு, ஆளுநருக்குக் கருணை மனு, ஜனாதிபதிக்குக் கருணை மனு. அது நிராகரிக்கப்பட்டாலும் தாமதத்தைக் காட்டி ஆயுளாகக் குறைக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தில்லி மாணவி வழக்கில் 2012 டிசம்பரில் நடந்த குற்றத்துக்கு 2020 மார்ச் 20-ல் நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். நாடே கொதித்துத் தெருவில் இறங்கிய வழக்குக்கே ஏழு வருஷத்துக்கு மேல். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1995-ல், சேலத்தில், ஆட்டோ சங்கருக்கு. கேரளத்தில் 1991-ல், கண்ணூரில். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி கீழ்க்கோர்ட்டுகள் விதிக்கும் தூக்கில் கடைசிவரை நிற்பது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, ஏறக்குறைய முப்பது சதவீதம் பேர் விடுதலையே ஆகிறார்கள். அதாவது தூக்கு என்று கேட்ட அன்று லட்டு கொடுத்த வீட்டுக்காரர், பத்து வருஷம் கழித்து அது ஆயுளாகக் குறைந்த செய்தியை டிவியில் பார்த்து இரண்டாம் முறை இழவு காப்பார்.

தவறான ஆளைத் தூக்கில் போட்டால் என்ன செய்வது என்ற பழைய கேள்விக்கும் பதில் இல்லை. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-ல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்றது, 2019-ல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. இடையில் கயிறு முந்தியிருந்தால்? அதோடு கொன்றவன் எங்கோ வெளியில் திரிந்துகொண்டிருப்பான், பறிகொடுத்த வீட்டுக்கும் அதில் ஒரு நீதியும் இல்லை.

அடுத்தது சாதாரண ஆயுள். நம் ஊரில் ஆயுள் என்றால் 14 வருஷம் என்று எல்லாரும் நம்புகிறார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் உட்பட. சட்டப்படி ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான், அதை 1961-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 14 என்பது, கொலைக் கைதியை அதற்கு முன்னால் தண்டனைக் குறைப்புக் கொடுத்து விடக்கூடாது என்று 1978-ல் வைத்த கீழ்வரம்பு. ஆனால் நடைமுறையில் அந்தக் கீழ்வரம்பு ஒரு வாசல் மாதிரி ஆகிவிட்டது. அது எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும், அண்ணா பிறந்தநாள் மாதிரி ஏதாவது ஒரு காரணமும் கிடைக்கும். குஜராத்தில் ஒரு கூட்டு வன்கொடுமை, கொலை வழக்கின் ஆயுள் கைதிகள் பதினோரு பேரை 2022 ஆகஸ்ட் 15-ல் விட்டார்கள், மாலை போட்டு வரவேற்றார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணே உச்ச நீதிமன்றம் வரை போராடி 2024 ஜனவரி 8-ல் அதை ரத்து செய்ய வைத்தார். அவருக்கு இருந்த தெம்பும் துணையும் எத்தனை வீட்டுக்கு இருக்கும்?

சின்ன ஊரில் சாதாரண ஆயுளுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஜெயிலில் இருப்பவன் விடுப்பில் வருவான். வந்தால் அதே ஜங்ஷனில் நிற்பான், அதே பஸ்ஸில் ஏறுவான், மீன் சந்தையில் உங்கள் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மத்திக்கு விலை கேட்பான். விடுப்பு கைதியின் உரிமை, அது வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், மனுஷனை முழுக்க அடைத்து வைத்தால் மிருகமாகத்தான் திரும்புவான். ஆனால் அவன் வருகிறான் என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாமா?

மூன்றாவது வழி பலருக்கும் தெரியாது. தூக்குக்கும் 14 வருஷ ஆயுளுக்கும் நடுவில் 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றை உருவாக்கியது: 20, 25, 30 வருஷம் வரை, அல்லது சாகும்வரை, எந்தத் தண்டனைக் குறைப்பும் இல்லாத ஆயுள். 2015-ல் ராஜீவ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: இப்படி வருஷக் கணக்கு வைத்து விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான். எனவே செஷன்ஸ் கோர்ட்டில் போய் இதைக் கேட்க முடியாது. கேட்க வேண்டிய இடம் மதுரைக் கிளையோ எர்ணாகுளமோதான். என்னைக் கேட்டால் இருக்கிற வழிகளில் உருப்படியானது இது. தூக்குக் கேஸ் மாதிரி ஜனாதிபதி மாளிகையில் ஃபைல் தொங்கிக் கிடக்காது, தப்பு நடந்திருந்தால் உயிரோடு இருக்கிறவனை வெளியே விடலாம், குறைந்தது இத்தனை வருஷம் அவன் ஜங்ஷனில் வந்து குடியேற மாட்டான் என்று பெரியம்மாவிடம் ஒரு எண்ணைச் சொல்லலாம். அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் படி ஏறினவர்களுக்குத் தெரியும்.

ராஜீவ் வழக்கைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் நாலு பேருக்குத் தூக்கு உறுதியானது, ஒருவருக்கு 2000-ல் குறைந்தது, மற்ற மூவருக்கு 2014-ல், கடைசியில் 2022-ல் எல்லாரும் வெளியே வந்தார்கள். அவர்கள் விடுதலை சரியென்பது என் கட்சி. ஆனால் அந்த முப்பது வருஷச் சண்டையில் ஸ்ரீபெரும்புதூரில் கூடவே செத்துப்போன போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள் வீடுகளுக்கு யார் போனார்கள், என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? தூக்கு வேண்டும், வேண்டாம் என்று நாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கத்தும்போது அந்த வீடுகள் சத்தத்தில் காணாமல் போகின்றன.

இனி பணம். இதைப் பேசினாலே முகம் சுளிப்பார்கள். சியால்தா கோர்ட் 17 லட்சம் கொடுக்கச் சொன்னபோது, எங்களுக்குப் பணம் வேண்டாம் நீதி வேண்டும் என்று பெற்றோர் மறுத்தார்கள். அந்த மறுப்பின் வலி புரிகிறது. கேரளத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அதிகம் என்பதால் ரத்தப் பணம், அதாவது பறிகொடுத்த வீட்டுக்காரர் பணம் வாங்கிக்கொண்டு மன்னித்தால் தூக்கு ரத்தாவது, எங்கள் பக்கம் பழகிய பேச்சு. சவுதியில் ஒரு சிறுவனின் மரணத்துக்காகத் தூக்கை எதிர்நோக்கி 18 வருஷம் சிறையில் இருந்த கோழிக்கோட்டுக்காரருக்காக 2024-ல் ஊர் உலகமெல்லாம் சேர்ந்து 34 கோடி ரூபாய் திரட்டியது, தூக்கு ரத்தானது. பாலக்காட்டு எல்லையில் கொல்லங்கோட்டு நர்ஸுக்கு ஏமனில் கொலை வழக்கில் தூக்கு விதித்த கதை எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலை 16-க்குக் குறித்த தூக்கு கடைசி நேரத்தில் தள்ளிப்போனது, ஆனால் கொல்லப்பட்டவரின் சகோதரர் எங்களுக்குப் பணம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாம் நர்ஸுக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு வீடு நம் பெரியம்மா மாதிரியே பேசிக்கொண்டிருந்தது. தூக்குக்கு ஆதரவாகப் பேசும் நம் ஆட்கள் அந்த நர்ஸ் விஷயத்தில் மட்டும் மன்னிப்பின் மகிமையைப் பேசியதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தியச் சட்டத்தின் நஷ்டஈடு இந்த ரகம் கிடையாது. கொலையைப் பேசித் தீர்க்க நம் சட்டத்தில் இடமே இல்லை, பணம் வாங்கினால் கொன்றவனுக்கு ஒரு நாள்கூடக் குறையாது. அவன் கட்டும் அபராதத்தில் இருந்து கொடுப்பது ஒன்று. அரசு தன் நிதியில் இருந்து கொடுப்பது இன்னொன்று, 2009 கடைசியில் அமலுக்கு வந்தது, இப்போது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொன்றவன் யாரென்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம். ஒரு குடிமகன் உயிரைக் காக்கத் தவறிய அரசு கொடுக்கும் பணம் இது, கூசாமல் வாங்கலாம். எங்கள் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, இதைப் புரிய வைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "உங்க அண்ணன் தலைக்கு விலை வாங்கிட்டு நான் எப்படி மீன்குழம்பு வைப்பேன்" என்றார்கள். அப்போது பையன் ஏழாம் வகுப்பு.

அண்ணன் வெட்டுப்பட்டபோது ஓட்டி வந்த ஸ்பிளெண்டரைத் தொண்டிப் பொருள், அதாவது வழக்குச் சான்று, என்று போலீஸ் எடுத்துப் போனது. கேஸ் முடியும்வரை ஸ்டேஷன் மதிலோரம் மழையில் நின்றது, சீட்டுக்குள் எறும்பு கூடு கட்டி, ஸ்போக் கம்பிகளில் கொடி ஏறி. வண்டிக் கடன் தவணையை மைனி மாசாமாசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை இப்படிக் கிடக்கவிடக் கூடாது, போட்டோவும் பத்திரமும் வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மனுப் போட்டிருந்தால் போதும், யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் அதிகம் வந்தது வெட்டியவன் மேல் என்று சொன்னால் பொய். அந்த வண்டியைப் பார்க்கும்போதுதான் வந்தது.

மனுநீதிச் சோழன் கதையை நீதிக்கு உதாரணமாகச் சொல்வோம், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே வைத்திருக்கிறோம். பசுவின் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டதோடு நிறுத்திக்கொள்கிறோம். கதை அங்கே நிற்கவில்லை. ஈசன் வந்து கன்றையும் மகனையும், நடுவில் உயிர்விட்ட மந்திரியையும் எழுப்பித் தருகிறார். எழுப்பாமல் கதையை முடிக்க நம் முன்னோருக்கே மனசு வரவில்லை, மகனைக் கொன்றது போதும் என்று அந்தப் பசு வீட்டுக்குப் போயிருக்கும் என்று அவர்கள் நம்பவில்லை.

எழுப்ப முடியாத கோர்ட்டிடம் வேறு என்ன கேட்கலாம்? நடந்தது இதுதான், செய்தது இவன்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லச் சொல்லலாம். தண்டனையின் அளவைவிட இது பெரிசு என்று எனக்குத் தோன்றுவது அட்டப்பாடி வழக்கைப் பார்த்த பிறகு. ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி, பாதிக் கோயம்புத்தூர்தான். 2018 பிப்ரவரி 22-ல் அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டில் இருந்து பிடித்துக் கையைக் கட்டி அடித்துக் கொன்றார்கள், செல்ஃபி வேறு எடுத்தார்கள். வழக்கு நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். ஒருவர், வீடியோவில் நிற்பது நான்தானா என்று எனக்குக் கண் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பியது, பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அத்தனை நெருக்கடியிலும் தாயும் சகோதரியும் விடாமல் நின்று, 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கினார்கள். ஆனால் கொலைக் குற்றம் ஆகவில்லை, கொலை அளவுக்குப் போகாத மரணம் என்ற 304 இரண்டாம் பாகம், 13 பேருக்கு ஏழு வருஷம். அங்கே தூக்கா ஆயுளா என்ற கேள்வியே எழவில்லை.

எங்கள் வழக்கும் அதே 304-ல்தான் போய் விழுந்தது, அதே ஏழு வருஷம். தண்டனை போதாது என்று நீங்கள் அப்பீல் போக முடியாது என்று எங்கள் வக்கீல் சொன்னார். அது சரிதான், தண்டனையைக் கூட்டக் கேட்கும் அப்பீல் அரசுக்குத்தான். ஆனால் விடுதலை செய்தாலோ, சின்ன பிரிவில் தண்டித்தாலோ, நஷ்டஈடு குறைவாக இருந்தாலோ பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே அப்பீல் போகலாம். அந்த மற்ற பாதியை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்தால்தானே கேட்போம்.

அதனால் இப்படியொரு இழவு விழுந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்தால் தூக்கா ஆயுளா என்று நான் தொடங்க மாட்டேன். முதல் மாதத்தில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் யார் யார், அவர்களில் யார் எதிராளியின் விளையில் ரப்பர் பால் வெட்டுகிறவர், யாருக்கு அங்கே கடன் இருக்கிறது என்று எழுதி வையுங்கள், மிரட்டல் வந்தால் 2018-ன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுங்கள் என்பேன். அரசு வக்கீலுக்குத் துணையாக உங்கள் பக்கம் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, இருக்கிற காசை அதில் போடுங்கள். நஷ்டஈட்டு மனுவைத் தீர்ப்புக்காகக் காத்திருக்காமல் கொடுங்கள். கொலை என்று நிரூபணமாகி உயர் நீதிமன்றம் போனால், அங்கே தண்டனைக் குறைப்பில்லாத 25 அல்லது 30 வருஷத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தீர்ப்புக்குப் பிறகும் ஃபைலைப் பரண்மேல் போட வேண்டாம், முன்கூட்டியே விடுதலை என்ற பேச்சு என்றைக்காவது வரும், அப்போது எதிர்த்து மனுக் கொடுக்கத் தீர்ப்பு நகலும் முகவரியும் கையில் வேண்டும்.

மைனிக்கு நான் சொல்வதில் பாதிதான் சம்மதம். அவர்களுக்கு இன்னும் தூக்குதான் வேண்டும், அது தப்பு என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் வாய்க்கு வராது. பணம் வந்தது, பையன் பேரில் போஸ்ட் ஆபீசில் கிடக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெட்டியவன் தண்டனை முடிந்து போன வருஷம் வந்துவிட்டான், அதிர்க்கல் இப்போதும் அவன் நட்ட இடத்தில்தான் இருக்கிறது, அதற்கு சிவில் கேஸ் தனியாக நடக்கிறது.